சிட்லிங்கிக்கு ஓர் உடன்போக்கு

நுழையும்முன்

பயணம் என்றதும் புறப்பாடும் வழியும் புதுக்காட்சிகளுமே நினைவுக்கு வருகின்றன. எங்கே நின்றுவிடுவது என்பதும் பயணத்திற்குள் அடங்கிய வினாவே. ஓராண்டுக் காலம் நாட்டைச் சுற்றிவந்த மருத்துவ இணையர், தருமபுரி மாவட்டத்தின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் நின்றுவிட்ட வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பண்டைத் தமிழ் அகப்பாடல்களில் பயணம் பெரும்பாலும் ஆண்மகனுக்கே உரியது. பொருள் தேடி அவன் பாலை நிலத்தைக் கடந்து செல்வான். தலைவி சுவரில் கோடிட்டு நாள் எண்ணிக் காத்திருப்பாள். கடல் கடந்து செல்லும்போது பெண்ணை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய நூற்பா ஒன்றும் உரைக்கிறது. இருவரும் சேர்ந்து புறப்படும் செலவுக்குச் சங்க இலக்கியம் தந்த பெயர் 'உடன்போக்கு'. காதலர் இருவர் ஊரார் அறியாமல் காட்டுவழியே நடப்பர். வழியில் கண்டோர் இரங்குவர். செவிலித்தாய் தேடி அலைவாள். அவர்கள் சென்று சேர்ந்த ஊரில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைச் செவிலி கண்டுவந்து மகிழ்ந்து கூறும் பாடல்கள் சில காட்டுகின்றன. எனினும் புலவர்களின் நெஞ்சம் தோய்ந்தது வழியிலேதான்.

பிற்காலப் பயண இலக்கியமும் அவ்வழியே நடந்தது. 'உலகம் சுற்றிய தமிழன்' எனப் போற்றப்பட்ட ஏ. கே. செட்டியார் முதல் இன்றைய பயண எழுத்தாளர் வரை, பார்த்த நாடுகளைப் பற்றி எழுதியோர் பலர். அயலூரில் தங்கி, அவ்வூர் மக்களின் நோயையும் கடனையும் விதைப்பையும் தம்முடையனவாக ஏற்றுக்கொண்டோரைப் பற்றிய நூல்கள் தமிழில் இன்னும் குறைவே. அத்தகைய இருவர் தகடூர் நாட்டில் இன்றும் வாழ்ந்துவருகின்றனர்.

தேடிச் சென்ற ஓராண்டு

மருத்துவர் ரெஜி ஜார்ஜ், மருத்துவர் லலிதா ஆகிய இருவரும் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில் அறிமுகமாகி, வாழ்க்கையில் இணைந்தவர்கள். கல்வி முடிந்தபின் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராம மருத்துவமனையில் பணியாற்றினர். அங்கு அவர்கள் நாள்தோறும் கண்ட காட்சி ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கு போன்ற, எளிதில் தடுக்கக்கூடிய நோய்களுக்காக மக்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்தனர். பலர் காலங்கடந்து வந்தனர்.

வயிற்றுப்போக்கினால் குழந்தை இறப்பது கிருமியால் மட்டும் நேர்வதன்று. உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால் நேர்வது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகப் புகட்டினால் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம். இதற்குப் பெரிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை. இதனை அறிந்த ஒருவர், குழந்தையின் வீட்டுக்கு அருகில் இருந்தால் போதும். அந்த ஒருவர் இல்லாத ஊர்கள் எவை என்னும் வினாவே இவ்விணையரைப் புறப்படச் செய்தது.

பணியை விட்டு, 1992 அளவில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் இருவரும் இந்தியாவின் பல பகுதிகளுக்குச் சென்றனர். பழங்குடி மக்கள் வாழும் ஊர்களையும், அங்கு ஏற்கெனவே தொண்டாற்றி வந்தோரையும் கண்டனர். கோயிலும் கடற்கரையும் பார்க்கும் சுற்றுலா அன்று இது. குடியிருக்க ஊர் தேடும் செலவு. வீடு தேடுவோர் தண்ணீர் வருமா, பேருந்து நிற்குமா என்று கேட்பர். இவர்கள் கேட்டது நேர்மாறானது: எங்கே எதுவும் இல்லை?

விடை, தருமபுரி மாவட்டம் அரூர்ப் பகுதியில் கிடைத்தது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் அமைந்த பள்ளத்தாக்கு சிட்லிங்கி; சிட்லிங் என்றும் வழங்குவர். 1993இல் அவர்கள் அங்கு வந்து சேர்ந்தபோது, மருத்துவமனைக்குச் செல்ல ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அறுவை மருத்துவம் தேவையெனில் 100 கிலோமீட்டர் அளவு செல்ல வேண்டும். பிறக்கும் 1000 குழந்தைகளுள் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. இந்திய அளவில் அவ்வெண் அப்போது ஏறத்தாழ அதில் பாதியே. இந்த எண்ணை வகுப்பறையில் எளிதாகப் படித்துவிடுகிறோம். நூறு வீடுகள் உள்ள சிற்றூரில் இதற்கு என்ன பொருள் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்: குழந்தையைப் பறிகொடுத்த தாயை அறியாத தெருவே அங்கு இராது.

எந்த மலையாளி?

இங்கு ஒரு சொல் விளையாட்டைக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் பெரும்பான்மையாக வாழ்வோர் 'மலையாளி' என்னும் பழங்குடியினர். மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்பது அப்பெயரின் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். கேரளத்தோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பியர் மூவர் மலைகளில் ஏறிக் குடியமர்ந்தனர் என்பதும், அவர்களின் வழியினரே தாம் என்பதும் அம்மக்களிடையே வழங்கும் மரபுக்கதை. சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன் மலைகளெங்கும் இக்கதை வெவ்வேறு வடிவங்களில் உலவுகிறது. ஆக, மலையாளம் பேசும் இருவர், தமிழ் பேசும் மலையாளிகளின் ஊருக்கு வந்து சேர்ந்தனர்.

பள்ளத்தாக்கில் வாழும் மற்றொரு மக்கள் லம்பாடியர். அவர்களின் முன்னோர் வடமேற்கு இந்தியாவிலிருந்து பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றிக்கொண்டு தக்காணம் முழுவதும் நடந்தவர்கள். முகலாயப் படைகளுக்கும் பின்னர் ஆங்கிலேயப் படைகளுக்கும் உணவு சுமந்தவர்கள் அவர்களே. ஆண்டுக்கணக்கில் மனைவி மக்களுடன் நடப்பதே அவர்களின் இல்லறம். தொடர்வண்டியும் சாலைகளும் வந்தபின் பொதிமாட்டு வணிகம் நலிந்தது. தங்கிய இடங்களில் 'தாண்டா' எனப்படும் குடியிருப்புகள் எழுந்தன. அவர்தம் மொழி இராசத்தானத்து மொழிகளோடு உறவுடையது.

அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் பாடியதாகப் புறநானூற்றில் பயில்கிறோம். தகடூர் நாட்டில் பயிரும் மக்களும் வெளியிலிருந்து வந்து வேரூன்றுவது புதிதன்று. ஆனால் வந்தவர் அனைவரையும் ஊர் உடனே நம்பிவிடுவதும் இல்லை.

தெரிந்து தெளிவோம்
தருமபுரியின் பழம்பெயர் தகடூர். சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமாயிற்று. இதிலிருந்து 2004இல் கிருட்டிணகிரி மாவட்டம் பிரிந்தது.

ஒரு குடிசை, ஒரு விளக்கு

ஊர் மக்களின் துணையோடு மண்ணும் புல்லும் கொண்டு எழுப்பிய குடிசையே முதல் மருத்துவமனை. 100 வாட் மின்விளக்கு ஒன்றின் ஒளியில் நோயாளரைப் பார்த்தனர்; மகப்பேறு பார்த்தனர்; சிறு அறுவைகளும் செய்தனர். இவ்வாறு மூன்றாண்டுகள் போல நடந்தபின், நண்பர்களின் பொருளுதவியால் பத்துப் படுக்கைகள் கொண்ட கட்டடம் எழுந்தது. இன்று அது முப்பதுக்கும் மேற்பட்ட படுக்கைகளுடன் இயங்குகிறது.

இவ்விணையரின் மருத்துவத் துறைகளையும் கவனித்தல் வேண்டும். லலிதா மகப்பேறு மருத்துவத்தில் தேர்ந்தவர். ரெஜி மயக்க மருந்தியலில் தேர்ந்தவர். குழந்தை குறுக்கே கிடந்து தாயின் உயிர் ஊசலாடும் வேளையில், வயிற்றைத் திறந்து குழந்தையை எடுப்பதற்கு ஒருவர் வேண்டும். தாய்க்கு நோவு தெரியாமலும் மூச்சு தவறாமலும் காப்பதற்கு மற்றொருவர் வேண்டும். ஒருவர் மட்டும் வந்திருந்தால், அத்தாயை மறுபடியும் 100 கிலோமீட்டருக்கு அப்பால்தான் அனுப்பியிருக்க நேரும். இல்வாழ்க்கைத் துணை என்னும் சொல் அந்த அறுவை அறையில் கொண்ட பொருளை இலக்கண நூல்கள் கூறியதில்லை.

எனினும் இருவரால் மட்டும் ஒரு பள்ளத்தாக்கைக் காக்க முடியாது. நகரிலிருந்து செவிலியரை வரவழைத்தால் அவர்கள் தங்குவது அரிது. எனவே பள்ளிப் படிப்போடு நின்றிருந்த பழங்குடி இளம்பெண்களைத் தேர்ந்து, நோயறிதல், மகப்பேறு பார்த்தல், காயத்திற்குத் தையலிடுதல், அறுவையின்போது துணைநிற்றல் ஆகியவற்றைக் கற்பித்தனர். ஊர்தோறும் மூத்த பெண்கள் சிலரை ஊராரே தெரிவு செய்தனர். கருவுற்ற தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் கண்காணிப்பது அவர்களின் பொறுப்பாயிற்று. இது நோயைப் பார்க்கும் பணியாக மட்டும் நிற்கவில்லை. அயலவர் சொன்னால் ஐயுறும் செய்தியைத் தம் அத்தையோ பெரியம்மாவோ சொல்லும்போது ஒரு தாய் கேட்கிறாள். ஆயிரத்துக்கு 147 என்றிருந்த எண் காலப்போக்கில் 20 அளவுக்குக் குறைந்ததற்கு, மருந்தைக் காட்டிலும் இப்பெண்களே பெருங்காரணம் எனக் கூறலாம்.

கடல் கடந்தும் திரும்பியும்

இவ்விணையருக்கு முன்னோடிகள் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் இணையர் அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்தபின், 1970இல் மகாராட்டிரத்தின் வறண்ட சிற்றூரான ஜாம்கேடில் பணியைத் தொடங்கினர். எழுத்தறியாப் பெண்களும் சிறந்த நலப்பணியாளர் ஆக முடியும் என்பதை உலகுக்கு அங்கிருந்தே காட்டினர். அபய் பங், ராணி பங் இணையரும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று, அம்மாநிலத்தின் கட்சிரோலிக் காட்டுப் பகுதிக்குத் திரும்பினர்.

எதிர்த்திசையில் வந்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்த அவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சீனாவில் மருத்துவத் தொண்டு செய்தார். நாடு திரும்பும் வழியில், மும்பையில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். 1948இல் கேரளத்து மருத்துவர் எலிசபெத்தை மணந்தார். மணமான புதிதில் இருவரும் இமயமலைப் பகுதியில் உள்ள பித்தோராகருக்கு உலாச் சென்றனர். வந்திருப்பவர் மருத்துவர் என்றறிந்த மலைமக்கள் நோயாளரை அழைத்துவரத் தொடங்கினர். சில நாள் தங்கச் சென்றவர்கள் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே வாழ்ந்தனர். மனைவி மருத்துவம் பார்க்க, கணவர் மலைவாழ் மக்கள் கட்டும் முறையை அவர்களிடமிருந்தே கற்றார். பேக்கரைப் புகழ்பெறச் செய்த எளிய கட்டடக் கலைக்கு வித்து அங்கு விழுந்தது. புலம்பெயர்ந்தோர் கற்பிக்க வந்தவராக மட்டும் இராமல், கற்க வந்தவராகவும் இருப்பதை இவ்வரலாறுகளில் எங்கும் காண்கிறோம்.

மறந்த தையல்

சிட்லிங்கியிலும் அவ்வாறே நடந்தது. நோய் ஒருவாறு கட்டுக்குள் வந்தபின், நோய்க்கு அப்பாலும் துன்பம் இருப்பதை இருவரும் உணர்ந்தனர். சிறுதானியம் விளைந்த நிலங்களில் பணப்பயிர்கள் புகுந்திருந்தன. உரத்திற்கும் பூச்சிக்கொல்லிக்கும் பட்ட கடனை அடைக்க ஆடவர் வெளியூர்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றனர். பண்டைப் பாலைத் திணையின் பிரிவு, கடன் என்னும் புதுக் காரணத்தோடு திரும்பி வந்திருந்தது. மருத்துவமனை வேளாண்மையைப் பேசத் தொடங்கியது. உழவர் நால்வரோடு தொடங்கிய இயற்கை வேளாண் முயற்சி, பின்னர் சில நூறு உழவர்களைக் கொண்ட சங்கமாக வளர்ந்தது. மருத்துவருக்கு உழவில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். உண்ணும் உணவிலிருந்தே உடல்நலம் தொடங்குகிறது என்பதை ஒப்புக்கொண்டால் அவ்வினா எழாது.

லம்பாடித் தாண்டாக்களில் வேறொன்று மறைந்துகொண்டிருந்தது. கண்ணாடிச் சில்லுகளும் பன்னிற நூல்களும் கொண்டு பாவாடையையும் மேற்சட்டையையும் அணிசெய்யும் நுண்தையல் அவர்களின் மரபுக் கலை. நெடுவழி நடந்த காலத்தில், மாடுகள் இளைப்பாறும் வேளையில் பெண்களின் கையில் வளர்ந்த கலையாக அது இருந்திருக்கலாம். கடையில் வாங்கிய சேலையைப் புதிய தலைமுறை உடுத்தத் தொடங்கியபின், தாண்டாவில் முதிய பெண்கள் சிலருக்கு மட்டுமே அத்தையல் நினைவில் இருந்தது. லலிதாவின் ஊக்கத்தால் அவர்கள் இளையோருக்குக் கற்பிக்க முன்வந்தனர். 2006 அளவில் 'போர்கை' என்னும் அமைப்பு உருவாயிற்று. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். தலையணை உறை, பை, ஆடை எனப் பல பொருள்களில் ஏறி, அத்தையல் இன்று நகரங்களுக்குச் செல்கிறது. தைத்தவர்கள் வீட்டிலிருந்தபடியே பொருளீட்டுகின்றனர்.

ஊர் தேடிப் புறப்பட்ட அந்த ஓராண்டைப் போல முப்பது மடங்கு காலம் இவ்விணையர் பள்ளத்தாக்கில் வாழ்ந்துவிட்டனர். இரவில் பேற்றுநோவு கண்டு மருத்துவமனைக்கு வரும் தாயை முதலில் எதிர்கொள்பவர் பெரும்பாலும் அவ்வூர்ப் பெண்ணே. நாடித்துடிப்பையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் அவரே பார்க்கிறார். இயல்பான பேறு எனில் அவரே குழந்தையை ஏந்தித் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்துகிறார். அறுவை தேவைப்படும் இரவுகளில் மட்டும் மருத்துவரை எழுப்ப ஆள் அனுப்புகிறார்.