பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்கு கோர்ட் சம்மன் வந்தால்

1. சம்மனை மறுக்காமல் வாங்கி, கிடைத்த தேதியை உறையின் மேலேயே குறித்து வைக்கவும். கெடு அன்றிலிருந்து ஓடும். மறுத்தாலும் பெற்றதாகவே கொள்ளப்படும்.

2. வழக்கு எண்ணும் கோர்ட் முத்திரையும் உள்ளனவா என்று பார்க்கவும். வசூல் ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் மிரட்டலும் வக்கீல் நோட்டீஸும் சம்மன் ஆகா.

3. எதிருரையை 30 நாளுக்குள் தாக்கல் செய்யவும். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை நீளும். சுருக்க வழக்கு என்றால் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். தவறினால் வாதி கேட்டபடி தீர்ப்பாகிவிடும்.

4. கடைசியாகப் பணம் கட்டிய தேதியைப் பழைய ஸ்டேட்மென்ட்டில் தேடவும். வலுவான எதிர்வாதம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. காலவரையறைச் சட்டம், 1963-ன்படி வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டுதான். ஆனால் அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

5. “செட்டில்மென்ட் லெட்டர்தானே, ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றால் போடக் கூடாது. காலாவதியான கடனையும் கட்டுவதாக எழுதிக் கொடுத்தால், ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும்.

6. கார்டு விண்ணப்பம், முழுக் கணக்கு, கடன் கைமாறியிருந்தால் அதற்கான பத்திரம் ஆகியவற்றைக் கேட்கவும். கடனை நிரூபிப்பது வாதியின் பொறுப்பு. அசல், வட்டி, தாமதக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவும். தொகையை ஊதவைப்பவை பின்னவை இரண்டும்தான்.

7. ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிட்டால், அதை நீக்கக் கோரி 30 நாளுக்குள் மனுச் செய்யவும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது.