சுக்கான் தண்டும் அதன் உறுப்புக்களும்

ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய பழைய ஆங்கில மோட்டார்க் கார்களை யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெருக்களில் இன்றும் காணலாம். 1990ஆம் ஆண்டின் பின்னர்ப் பெற்றோலும் உதிரிப் பாகங்களும் இங்கு வருதல் தடைப்பட்ட காலத்தில், சிறிதளவு பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டி, இக்கார்களைக் காத்தனர் நம்மவர். அக்கைத்திறன் போற்றத்தக்கதே. ஆயினும், கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றலாகாத இடமொன்று காரில் உண்டு. அதுவே சுக்கான். இயந்திரம் பழுதுபடின் கார் நின்றுவிடும். சுக்கான் பழுதுபடின் கார் நில்லாது. ஆதலின் அதன் உறுப்புக்களை அறிதல் வேண்டும்.

சாரதி கையாற் பற்றுவது சுக்கான் வளையம். அதன் நடுத்துளையிலும் தண்டின் நுனியிலும் நெடுக்காகப் பற்கள் வெட்டப்பட்டுள்ளன. அவை ஒன்றினுள் ஒன்று பொருந்துவதால் வளையம் தண்டின்மேல் வழுக்காது. மேலே ஒரு பெரிய நட்டு அதனை இறுக்கி நிற்கும். தண்டு இரு பகுதிகளை உடையது: அசையாத வெளிக்குழாய் ஒன்று; அதனுள்ளே சுழலும் உட்தண்டு மற்றொன்று. குழாயின் மேல்வாயிலுள்ள புஷ் உட்தண்டை நடுவே தாங்கும்.

தண்டின் அடியில் இருவகைக் கார்களும் வேறுபடும். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரில், அலெக் இசிகோனிஸ் என்பார் பற்சட்ட முறையை அமைத்தார். தண்டின் அடியோடு பிணைக்கப்பட்ட சிறு பற்சில்லொன்று பற்சட்டத்தை இடம் வலமாகத் தள்ளும். சட்டத்தின் இரு முனைகளிலுமுள்ள இணைகோல்களும் பந்துமூட்டுக்களும் முன்சில்லுகளைத் திருப்பும். ஒஸ்ரின் ஏ40இலோ தண்டு எண்ணெய்ப் பெட்டியொன்றினுட் செல்லும். அங்கே சுருள் வடிவான பள்ளத்தில் ஒரு முளை ஊர்ந்து, வெளியேயுள்ள கைகோலை அசைக்கும். அக்கோலின் அசைவு இணைகோல்களின் வழியே சில்லுகளை அடையும்.

வளையம் பெரிது, பற்சில்லு சிறிது. ஆகவே கையின் சிறுவிசை பெருவிசையாகின்றது. மாணவர் பௌதிகவியலிற் கற்கும் நெம்புகோல் விதியே இது. அவ்விகிதமே தேய்வையும் பெருக்கிக் காட்டும்: அடியில் உண்டான மிகச்சிறு தளர்வு வளையத்தில் விரலகலமாய்த் தோன்றும். கராச்சிலுள்ளோர் இதனைப் 'பிளே' என்பர்.

தளர்வின் இருப்பிடத்தைக் காணும் முறை வருமாறு: காரைச் சமதரையில் நிறுத்தி, ஒருவர் வளையத்தை மெல்ல இடம் வலமாக அசைக்க, மற்றொருவர் கீழே நோக்குக. வளையம் அசைந்தும் தண்டு அசையாதாயின் குற்றம் மேல் நட்டில் அல்லது பற்களில். தண்டு சுழன்றும் பற்சட்டமோ கைகோலோ அசையாதாயின் குற்றம் அடிப்பிணைப்பில், அல்லது பற்சில்லில், அல்லது பெட்டியில். அவை அசைந்தும் சில்லு அசையாதாயின் பந்துமூட்டை ஐயுறுக. பின்னர்ச் சில்லை நிலத்தினின்றும் உயர்த்தி, மேலும் கீழும் பற்றி ஆட்டுக. ஆடுமாயின் திருப்பாணியையும் சில்லின் போல்பெயாரிங்கையும் சோதித்தல் வேண்டும். வளையத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது தண்டே ஆடுமாயின் புஷ் தேய்ந்ததென அறிக.

ஒஸ்ரின் பெட்டியை இறுக்கித் தளர்வை நீக்க முயல்வோர் ஒன்றை மறத்தலாகாது. கார் பெரும்பாலும் நேரே செல்வதால் நடுவிடமே மிகத் தேயும். நடுவுக்கேற்ப இறுக்கினால், தேயாத ஓரங்களிற் சுக்கான் இறுகிப்போம். திருப்பத்தில் இறுகும் சுக்கான் தளர்ந்த சுக்கானினும் கொடிது. முறிந்த கைகோலை ஒட்டவைத்தலும், தேய்ந்த பந்துமூட்டைக் கம்பியாற் கட்டுதலும் அவ்வாறே விலக்கத்தக்கன.

இக்காலக் கார்களிற் பலமாக மோதும்போது தண்டு மடிந்து சுருங்கும். பழைய கார்களின் தண்டோ மடியாதது. சாரதியின் மார்பை நோக்கி நிற்பது. ஆகலின், பாட்டனார் காலத்துக் காரைப் பேணுவோர் அதன் வண்ணத்தைத் துலக்குமுன், சுக்கானின் நட்டுக்களையும் மூட்டுக்களையும் முறையாகச் சோதித்துக் கிறீஸ் இடுவாராக.