ஃப்ரீசர் ஐஸில் கத்தி வைக்கும் முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் இருக்கிற எல்லார் வீட்டிலும் ஒரு நாள் இது நடக்கும். ஃப்ரீசர் சுவர் முழுக்க ஐஸ் ஏறி, ட்ரே ஒட்டிக்கிட்டு வராது. உடனே கை கத்தியையோ ஸ்க்ரூடிரைவரையோ தேடும். ஃபைனான்ஸ் பிளாக்கில் ஃபிரிட்ஜுக்கு என்ன வேலைனு கேட்காதீங்க. ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நிறைய பேர் வீட்டில், லேப்டாப், பைக்கை விட்டால் விலை அதிகமான பொருள் அதுதான். அது ஹவுஸ் ஓனர் கொடுத்ததா இருந்தால், உங்க அட்வான்ஸும் அதோட சேர்ந்திருக்கு.

முதலில் உங்களுடையது எந்த வகைனு பாருங்க. ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் உள்ளே இருக்கும் ஹீட்டரே அவ்வப்போது ஐஸைக் கரைச்சுடும். அதில் கனமாக ஐஸ் பிடித்தால் பழுதுனு அர்த்தம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. கீழே சொல்வதெல்லாம் டைரக்ட் கூல் ஃபிரிட்ஜுக்கு.

டைரக்ட் கூலில் ஃப்ரீசருக்குப் பின்னால் எங்கேயோ தனியாக கூலிங் காயில் இருக்குனு பலர் நினைக்கிறாங்க. பெரும்பாலான மாடல்களில் அந்த அலுமினியப் பெட்டியேதான் காயில். இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டி, நடுவில் குழாய் மாதிரி வழி விட்டிருப்பாங்க. கேஸ் அதில்தான் ஓடுது. கத்தி முனைக்கும் கேஸுக்கும் இடையில் மெல்லிய அலுமினியம் மட்டும்தான். ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியே போகும், ஐஸ் கரைந்த தண்ணீர் உள்ளே போய் கம்ப்ரஸரையும் கெடுக்கலாம். அப்புறம் காயில் மாற்றணும், கேஸ் நிரப்பணும். செலவு சில ஆயிரத்தில் போய் நிற்கும். பழைய ஃபிரிட்ஜுக்கு அந்தச் செலவு செய்வதா, புதுசு வாங்குவதானு யோசிக்க வேண்டிய நிலை வந்துடும்.

"கம்ப்ரஸருக்கு 10 வருஷ வாரண்டி இருக்கே"னு நினைச்சா, கார்டை எடுத்துப் படிங்க. அந்த 10 வருஷம் கம்ப்ரஸருக்கு மட்டும். நாம குத்தி வந்த சேதத்தை பொதுவாக எந்த வாரண்டியும் ஏற்காது. காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

இன்னொரு விஷயம் காசை விடப் பெரிசு. இப்போ வரும் பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸின் உறவுக்காரன், தீப்பிடிக்கும். பின்பக்க ஸ்டிக்கரில் எந்த கேஸ்னு போட்டிருக்கும். எப்பவாவது 'உஸ்'னு சத்தம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க, அடுப்பு பற்றவைக்காதீங்க. ஜன்னல், கதவு எல்லாத்தையும் திறந்துட்டு வெளியே வந்து மெக்கானிக்குக்கு போன் பண்ணுங்க.

கரண்ட் பில் குறையும்னு இதைச் செய்யச் சொல்றவங்களும் இருக்காங்க. ஒரு கணக்கு போடுவோம். ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கு 180 யூனிட்னு இருந்தால் மாதம் 15. ஐஸ் காரணமாக 20% கூடுதலாக ஓடுதுனு வச்சுக்கிட்டாலும் 3 யூனிட். யூனிட் 6 ரூபாய்னா 18 ரூபாய், ஒரு டீ காசு. தமிழ்நாட்டில் இரண்டு மாத பில் 500 யூனிட் எல்லையில் நிற்கிறவங்களுக்கு மட்டும் அந்த 6 யூனிட் உறுத்தும், ஏன்னா அதைத் தாண்டினால் கீழ் ஸ்லாபுக்கும் ரேட் மாறுது. மற்றவங்களுக்கு இதில் பெரிய சேமிப்பு இல்லை. ஃபிரிட்ஜைக் கெடுக்காமல் இருப்பதுதான் லாபம்.

இனி செய்முறை. ஐஸ் அரை சென்டிமீட்டர் தாண்டும்போதே செய்துடுங்க, அப்போ சீக்கிரம் முடியும். ஞாயிற்றுக்கிழமை காலை, ஃப்ரீசர் காலியா இருக்கும் நாளாப் பாருங்க. தெர்மோஸ்டாட் நடுவில் இருக்கும் டிஃப்ராஸ்ட் பட்டன் லேசான ஐஸுக்குப் போதும். அது தானே நின்று தானே ஓடும். கனமான ஐஸ்னா ஸ்விட்சை அணைச்சு ப்ளக்கையே பிடுங்கிடுங்க. தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் தூக்கி மேலே வைங்க. கதவைத் திறந்து வச்சு, கீழே பழைய துண்டு விரிச்சு, ட்ரேயில் நிறையும் தண்ணீரை அப்பப்போ கொட்டுங்க. அவசரம்னா ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் ஊற்றி, மடிச்ச துணி மேல் ஃப்ரீசருக்குள் வைக்கலாம். சுவரில் நேரடியாகக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீங்க. ஹேர் டிரையரும் வேண்டாம். ஈரமும் கரண்டும் ஒரே இடத்தில் எதுக்கு? ஐஸ் தானா கழன்று வரும்போது கையால் எடுங்க, வரலைனா விடுங்க. எல்லாம் போனதும் உலர்ந்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகுதான் ப்ளக்.

மீன், கறி இருந்தால் முந்தின நாளே சமைச்சுடுவது நல்லது. மீதியை ஐஸ்கட்டியோட மூடிய பையில் வைங்க. ஐஸ் துகள் இன்னும் இருந்தால் திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாம். முழுசாக இளகி 2 மணி நேரம் வெளியே இருந்த கறியைத் தூக்கிப் போடுங்க, வெயில் காலத்தில் 1 மணி நேரம்தான் கணக்கு. 300 ரூபாய் கறிக்காக டாக்டர் ஃபீஸ் கொடுக்க வேண்டாம்.

திரும்பத் திரும்ப வேகமா ஐஸ் பிடிக்குதா? ஒரு 10 ரூபாய் நோட்டைக் கதவில் வச்சு மூடி இழுங்க. தடையே இல்லாமல் வழுக்கி வந்தால் அங்கே கேஸ்கெட் ரப்பர் தளர்ந்திருக்கு, ஈரக்காற்று அது வழியா உள்ளே போகுது. கதவைச் சுற்றி நாலு பக்கமும் பாருங்க. முதலில் சோப்புத் தண்ணீரில் துடைச்சுப் பாருங்க, அழுக்கால் ஒட்டாமலும் இருக்கலாம். அப்பவும் நிற்கலைனா ரப்பரை மாத்துங்க. ஓனர் ஃபிரிட்ஜ்னா செலவு செய்யும் முன்னாடி போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க.