கால் மரத்தால் கவனம் தேவை

டில்லிக் குளிர் நமக்குப் பழகிவிட்டது. ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு அப்படியல்ல. கும்பகோணத்திலிருந்து என் அம்மா முதன்முறையாக ஜனவரி மாதத்தில் வந்திருந்தார். "காலே இல்லாத மாதிரி இருக்குடா" என்றவர், வெந்நீர்ப் பையைப் பாதத்தடியில் வைத்துக்கொண்டு ரஜாய்க்குள் தூங்கிவிட்டார். காலையில் பார்த்தால் இரண்டு கொப்புளங்கள்! சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

குளிர் நமக்கு எப்படித் தெரிகிறது? தோலில் உள்ள உணர்வு நரம்புகளின் நுனியில் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. அவற்றில் டி.ஆர்.பி.எம்.8 என்பது குளிருக்கான வாயில். தோலின் வெப்பம் சுமார் 26 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது அது திறக்கிறது. சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே புகுகின்றன. மின்துடிப்பு கிளம்பி மூளைக்குச் செல்கிறது. புதினாவில் உள்ள மெந்தாலும் இதே வாயிலைத் திறப்பதால்தான் புதினா மிட்டாய் நாக்கில் ஜில்லென்கிறது. 2002-இல் இதைத் தனித்தனியே கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும், வெப்பம், தொடுதல் ஆகியவற்றை நாம் உணரும் விதத்தை ஆராய்ந்ததற்காக 2021-இல் நோபல் பரிசு பெற்றனர்.

குளிர் மேலும் கூடினால் நரம்பே சோர்ந்துவிடுகிறது. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால், துடிப்பின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறையும். நரம்புப் பரிசோதனைக்கு முன் கையைச் சூடாக்கச் சொல்வது இதனால்தான். துடிப்பை உண்டாக்கும் சோடியம் வாயில்கள் குளிரில் மந்தமாகின்றன. தொடு உணர்வு மங்கி, சட்டைப் பித்தான்கூடப் போட முடிவதில்லை. ஆனால் வலி நரம்புகளில் குளிரிலும் வேலை செய்யும் தனி வகைச் சோடியம் வாயில் உண்டு. விரல் மரத்த பிறகும் வலிப்பது அதனால்தான்.

அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். அதனால் ஏற்கெனவே மங்கியிருந்த நரம்புகளைக் குளிர் இன்னும் மந்தமாக்கிவிட்டது. புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று.

ஆகவே, மரத்த காலைக் கொண்டு சூட்டை அளக்காதீர்கள். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். வெந்நீர்ப் பையால் படுக்கையைச் சூடாக்கி, படுக்குமுன் எடுத்துவிடுங்கள். காலுக்குக் கம்பளிக் காலுறை போதும். சர்க்கரை உள்ளவர்களின் பாதங்களைத் தினமும் பாருங்கள். கதகதப்பான பிறகும் மரப்பு நீங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.