வெளிநாட்டில் படிக்கும் மாணவரும் மருத்துவ இன்ஷூரன்ஸும்

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து பள்ளியின் ஹவுளருகே நாம் அமர்ந்திருந்தபோது, நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கையில் சில தாள்களுடன் வந்தார். அவருடைய மகனுக்கு வயது இருபத்து மூன்று. ஜெர்மனியில் பொறியியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது.

"ஹஜ்ரத், இந்த வயசு வரைக்கும் நான் ஒரு பாலிசி எடுத்ததில்லை. ஏஜெண்டு வந்தா டீ கொடுத்து அனுப்பிடுவேன். இப்ப புள்ளைக்கு இன்ஷூரன்ஸ் இல்லாம காலேஜிலேயே சேர்க்க மாட்டாங்களாம். இதில கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

தாளைப் புரட்டிப் பார்த்தோம். அது ஒரு தனியார் கம்பெனியின் விண்ணப்பம். இதற்கு முன் இருந்த நோய்கள் யாவை என்ற கேள்விக்கு எதிரே, பென்சிலால் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அவர் மகனுக்குச் சிறு வயது முதலே ஆஸ்துமா உண்டு என்பதை நாம் அறிவோம். மக்தபில் ஓதிய நாட்களிலேயே பனிக்காலம் வந்துவிட்டால் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரமாட்டான். "இது யார் எழுதியது?" என்று கேட்டோம். வாங்கித் தருபவர் அப்படித்தான் எழுதச் சொன்னாராம்.

பெரியவர் கேட்டது ஒரு மஸ்அலா. தாளில் இருந்தவை இரண்டு. அவர் கேட்காததே பெரிய மஸ்அலா. இன்று பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் வீடுகள் பலவற்றிலும் இக்கேள்வி எழுவதால், நாம் அறிந்தவற்றை இங்கே விளக்கமாக எழுதுகிறோம்.

முதலாவது, இன்ஷூரன்ஸ் ஏன் கூடாது என்கிறோம்? மருத்துவம் செய்துகொள்வதோ, வருமுன் ஏற்பாடு செய்வதோ தவக்குலுக்கு மாற்றமானதன்று. நோய்க்கு மருந்து தேடும்படி நபி பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி கூறியதும் அவர்களே. ஆகவே குறை ஏற்பாட்டில் இல்லை, ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. கம்பெனிக்குப் பணம் கட்டுகிறோம். நோய் வந்தால் பல மடங்கு கிடைக்கும், வராவிட்டால் கட்டியது போய்விடும். எதை விற்றோம், எதை வாங்கினோம் என்பது இருவருக்கும் தெரியாது. இதையே ஃபிக்ஹில் 'கரர்' என்கிறார்கள். இதில் சூதின் சாயல் இருக்கிறது. திரட்டிய பணத்தைக் கம்பெனி வட்டியில் பெருக்குவது மற்றொரு குறை.

இது நேற்றுத் தோன்றிய விவாதமுமன்று. 1836ல் வஃபாத்தான டமாஸ்கஸ் நகரத்து அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், கப்பல் வணிகர்கள் ஐரோப்பியரிடம் செய்துவந்த கடல் இன்ஷூரன்ஸை 'ஸவ்கரா' என்ற பெயரால் குறிப்பிட்டு, தமது 'ரத்துல் முஹ்தார்' கிதாபில் ஆராய்ந்து, அந்த ஈட்டுத் தொகையை வாங்குவது ஆகாது என்று எழுதியிருக்கிறார்கள். நம் காலத்தில் 1978ல் மக்காவிலும், 1985ல் ஜித்தாவிலும் கூடிய ஃபிக்ஹு சபைகள், இலாப நோக்குள்ள இன்ஷூரன்ஸைக் கூடாதென்றே தீர்மானித்தன. மக்கா சபையில் ஷைகு முஸ்தஃபா ஸர்க்கா அவர்கள் மட்டும் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் பெரும்பாலான உலமாப் பெருமக்களின் முடிவு நாம் மேலே சொன்னதுதான். அந்தச் சபைகளே, ஒருவருக்கொருவர் உதவும் எண்ணத்தில் நன்கொடையாகச் சேர்க்கும் கூட்டு ஏற்பாட்டை ஆகுமானதாக்கின. இன்று 'தகாஃபுல்' என்று அழைக்கப்படுவது அதுவே. அஷ்அரீ கோத்திரத்தார் உணவு குறைந்த வேளையில் தம்மிடம் இருந்ததையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் புகழ்ந்துரைத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. கூட்டு உதவியை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அது ஒன்றே போதும்.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு மாணவனிடம் 'இன்ஷூரன்ஸ்' என்று கேட்கப்படுவது எல்லா நாட்டிலும் ஒரே பொருளன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் ஹுகும் ஒன்றாகிவிடாது.

பிரிட்டனைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் படிக்கப்போகும் மாணவர், விசா விண்ணப்பத்தோடு அரசாங்கத்துக்கே ஒரு மருத்துவக் கட்டணம் செலுத்துகிறார். 2024 பிப்ரவரி முதல் அது மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு; முழுப் படிப்புக் காலத்துக்கும் முன்னதாகவே கட்டிவிட வேண்டும். அதன்பின் அந்நாட்டாரைப் போலவே அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். இதில் கம்பெனியும் இல்லை, பாலிசியும் இல்லை. அரசு வாங்கும் வரியைப் போன்றது இது. இதற்காக ஒரு தந்தை தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பல் வைத்தியத்துக்கும் கண்ணாடிக்கும் அங்கே தனியாகச் செலவாகும் என்பதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்பவும்.

ஜெர்மனியின் நிலை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 1883ல் சட்டமாகி இன்றுவரை நடந்துவரும் பொது மருத்துவ நிதி அங்கே உண்டு. அதை நடத்தும் அமைப்புகள் இலாபக் கம்பெனிகளல்ல. சட்டப்படி இயங்கும் பொது அமைப்புகள். முப்பது வயதுக்குட்பட்ட மாணவருக்கு மாதச் சந்தா சட்டத்தை ஒட்டியே அமைகிறது. 2025ல் அது மாதம் 140 யூரோவை ஒட்டி இருந்தது. நோயாளி என்பதற்காகக் கூடுதலாகவோ, திடகாத்திரமானவர் என்பதற்காகக் குறைவாகவோ வாங்குவதில்லை. 1965ல் கெய்ரோவில் கூடிய இஸ்லாமிய ஆய்வு மாமன்றம், அரசாங்கங்கள் ஏற்படுத்தும் சமூகப் பாதுகாப்பு ஏற்பாடுகளை ஆகும் என்று கூறியது. இந்தப் பொது நிதியை அவ்வகையிலேயே நாம் சேர்க்கிறோம். நிதியின் இருப்புப் பணம் வட்டியில் போடப்படுமே என்றால், அது நிர்வாகத்தின் செயல். சட்டத்தின் கட்டாயத்தால் சந்தா கட்டும் மாணவனின் ஒப்பந்தம் வட்டி ஒப்பந்தமன்று.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் தனியார் கம்பெனிகளின் பாலிசிதான். பரிமாற்ற விசாவில் செல்வோருக்கு அரசே அளவு வகுத்திருக்கிறது: ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்கு 1,00,000 டாலர் வரை மருத்துவச் செலவு, நோயாளியை ஊர் சேர்க்க 50,000 டாலர், ஜனாஸாவை அனுப்ப 25,000 டாலர், ஒவ்வொரு நோய்க்கும் மாணவர் தம் கையிலிருந்து முதலில் கட்டுவது 500 டாலருக்கு மேற்படக் கூடாது. சாதாரண மாணவர் விசாவில் செல்வோருக்கு அரசின் கட்டாயம் இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டாயப்படுத்துகின்றன. ஆஸ்திரேலியாவிலும் விசா உள்ள நாள் முழுவதும் பாலிசி இருந்தாக வேண்டும். இந்த வகையில் மூல ஹுகும் கூடாது என்பதே. ஆயினும் சட்டமோ கல்விக்கூடமோ கட்டாயமாக்கி, வேறு வழியும் இல்லாதபோது எடுத்துக்கொள்ள இடமுண்டு. 2006ல் மைசூரில் கூடிய இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் கருத்தரங்கும் சட்ட நிர்ப்பந்தம் உள்ள இடத்தில் மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு இவ்வாறே இடமளித்தது. நிர்ப்பந்தத்தால் ஆகுமாவது அதன் அளவுக்கே ஆகும். கேட்கப்பட்ட மருத்துவ பாலிசியை எடுக்கலாம். அத்தோடு ஆயுள் பாலிசி, சாமான் பாலிசி என்று ஏஜெண்டு நீட்டுவதற்கெல்லாம் கையெழுத்துப் போட இதைச் சாக்காகக் கொள்ளக் கூடாது. நிபந்தனைக்கு ஏற்ற தகாஃபுல் கிடைக்குமானால் அதை விட்டுவிட்டு மற்றதற்குப் போகவும் கூடாது.

இனி பென்சில் எழுத்துக்கு வருவோம். பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றான் வியாபாரி. அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசம் செய்பவனைத் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று விலக்கினார்கள். விண்ணப்பத்தில் ஆஸ்துமாவை மறைப்பது ஈரத்தை அடியில் வைப்பதேயாகும். எதிரே இருப்பது முஸ்லிமல்லாதாரின் கம்பெனி, கூடாத ஒப்பந்தம் என்பதெல்லாம் பொய்யை ஆகுமாக்கிவிடாது. பாலிசி எடுக்கலாமா என்று அஞ்சி அஞ்சிக் கேட்கிற மனிதர், அதே தாளில் பொய் எழுத அஞ்சாமல் இருப்பதைக் கண்டு நமக்கு வருத்தமாகவே இருந்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹராம் என்றால் பன்றியும் வட்டியும்தான் என்று மிம்பரில் நின்று சொல்லிப் பழக்கியவர்கள் நாமே.

மார்க்கம் இருக்கட்டும், உலக விஷயமாகவே பார்த்தாலும் அந்தப் பொய் பிள்ளையைத்தான் கெடுக்கும். குளிர் நாட்டில் ஒரு நள்ளிரவில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தால், பழைய நோய் என்று டாக்டரே எழுதுவார். மறைத்தது தெரிந்ததும் கம்பெனி பணம் தர மறுக்கும். முழுச் செலவும் மாணவன் தலையில் விழும். அதற்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாமல் அறையில் படுத்துக்கிடக்கும் பிள்ளைகளும் உண்டு. உயிரைப் பேணுவது ஷரீஅத்தின் நோக்கங்களில் ஒன்றாயிற்றே! நோயை ஒளிக்காமல் எழுதியவருக்கும் ஆஸ்திரேலியாவில் முன்பே உள்ள உடல் நோய்களுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பு உண்டு. அவர் அதை முன்னரே அறிந்து, மருந்துச் செலவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டுப் போகலாம். ஒளித்தவருக்கு அந்த யோசனையே வராது.

பெரியவரிடம் நாம் சொன்னது இதுதான். உங்கள் பிள்ளை செல்லும் நாட்டில் பொது நிதி இருக்கிறது. அவனுக்கு முப்பது வயது ஆகவில்லை. பொது நிதியில் சேர்பவரிடம் நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. ஆஸ்துமாவை மறைக்க வேண்டிய தேவையே எழாது. சந்தா குறைவு என்று பொது நிதியிலிருந்து விலக்குப் பெற்றுத் தனியாரிடம் போய்விட்டால், படிப்பு முடியும்வரை மாணவர் சந்தாவில் திரும்பி வர இயலாது. விசாவுக்காக வாங்கும் மலிவான பிரயாண பாலிசி முதல் சில வாரங்களுக்கே உதவும். பல்கலைக்கழகத்தில் சேர அது போதாது. அப்படியிருக்க, கூடுமா கூடாதா என்ற ஐயம் குறைந்த வழியும், பிள்ளைக்குப் பயன் மிகுந்த வழியும் இங்கே ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. முதலாண்டு மொழி வகுப்பில் மட்டும் சேர்பவருக்கும், முப்பது கடந்தவருக்கும் இந்த மாணவர் சந்தா கிடைப்பதில்லை. அவர்கள் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜனாஸாவை ஊருக்கு அனுப்பும் தொகை பற்றியும் அவர் மெல்லக் கேட்டார். கேட்கும்போதே குரல் தழுதழுத்தது. பாலிசியில் அந்தப் பிரிவு இருப்பதனால் அதைப் பயன்படுத்தியாக வேண்டும் என்பதில்லை. மௌத்தான ஊரிலேயே அடக்குவதுதான் முறை. ஷாஃபிஈ மத்ஹபில் மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் ஆகியவற்றுக்கு அருகில் இறந்தாலன்றி மையித்தை வேறு ஊருக்குக் கொண்டுசெல்வதை ஹராம் என்றே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முடிவு செய்கிறார்கள். ஹனஃபி மத்ஹபிலும் தொலைதூரம் கொண்டுபோவது விரும்பத்தக்கதன்று. ஜெர்மனியின் பல நகரங்களில் பொதுக் கல்லறைகளில் முஸ்லிம்களுக்குத் தனிப் பகுதி உண்டு. பிள்ளை போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள பள்ளிவாசல் ஜமாஅத்தாரை அறிமுகம் செய்துகொள்ளட்டும் என்றோம். நோயில் கஞ்சி காய்ச்சித் தருவதற்கும் அவர்கள்தானே வேண்டும்!

எழுந்து போகும்போது இன்னொரு ஐயமும் கேட்டார். "நாம கட்டினதைவிடக் கூடுதலா அவங்க செலவு பண்ணிட்டா, அந்தப் பணம் என்ன ஆகும் ஹஜ்ரத்?" மைசூர் தீர்மானத்தில் இதற்கும் விடை உண்டு. நிர்ப்பந்தத்தால் எடுத்த பாலிசியில், கட்டியதற்கு மேல் சிகிச்சைக்குச் செலவான அளவை, வசதியுள்ளவர் நன்மையை நாடாமல் ஸதகா செய்துவிட வேண்டும். வசதியற்ற மாணவனுக்கு அது கடமையில்லை. இது தனியார் பாலிசி எடுத்தோருக்கு உரியது. ஜெர்மனியின் பொது நிதி, பிரிட்டனின் அரசுக் கட்டணம் ஆகியவற்றில் இந்தக் கணக்கு வராது என்பதே நமது கருத்து. பெரியவர் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பென்சில் எழுத்தை வீட்டுக்குப் போய் அழிப்பதாகச் சொன்னார். அழிக்க வேண்டாம், அந்த விண்ணப்பமே இனித் தேவைப்படாது என்றோம்.