தலையும் வாலும் பொருந்தினால் சவ்வு

அன்புள்ள கயல்விழிக்கு,

தண்ணீரில் கரைந்துவிடும் சர்க்கரையைத் தலையில் சுமக்கும் கொழுப்பு மூலக்கூறுகள் எப்படி நிலையான சவ்வாக முடியும் என்று கேட்டிருந்தாய். விடை அவற்றின் வடிவத்தில் இருக்கிறது. சர்க்கரைத் தலை நீரை நாடும், கொழுப்பு வால் நீரை விட்டு ஒதுங்கும். அதனால் நீரில் இட்டதும் அவை தாமாகவே அணிசேர்கின்றன. எந்த உருவில் சேரும் என்பதைத் தலையின் பரப்பு, வாலின் பருமன், வாலின் நீளம் ஆகியவற்றின் விகிதம் பெரிதும் தீர்மானிக்கிறது என்று 1976இல் இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் ஆகிய மூவரும் விளக்கினர். ஆக்டைல் குளுக்கோசைடுக்குக் குளுக்கோஸ் தலையும் ஒற்றை வாலும் உண்டு. அது சிறு உருண்டைகளாகத் திரளுமே தவிரச் சவ்வாகாது, இருக்கும் சவ்வையும் கரைத்துவிடும். இலைகளின் பசுங்கணிகத்தில் உள்ள சர்க்கரைக் கொழுப்புகளுக்கு இரண்டு வால்கள். அவற்றில் இரண்டு காலக்டோஸ் தாங்கியது தனித்தே ஈரடுக்குச் சவ்வாகும். ஒரே காலக்டோஸ் தாங்கியதோ, தலை சிறுத்திருப்பதால், தலைகளை உள்ளே வைத்து நுண்குழாய்களாகச் சுருளும். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சர்க்கரையின் கூடுதல் குறைவே இந்த வேறுபாட்டைச் செய்கிறது.

வடிவம் சவ்வை உண்டாக்கும். அதை நீடிக்க வைப்பது பிணைப்பு. நம் செல்சவ்வுக் கொழுப்புகளில் பெரும்பாலானவற்றின் வால்கள் எஸ்டர் பிணைப்பால் ஒட்டியவை; கடும் அமிலத்தில் அவை அறுபடும். ஏறத்தாழ 59 டிகிரி செல்சியஸில், பி.எச். 2 அளவு அமிலத்தில் வாழும் தெர்மோபிளாஸ்மா என்ற ஆர்க்கியா வகை நுண்ணுயிரின் கொழுப்புகளில் இருப்பது எளிதில் அறுபடாத ஈதர் பிணைப்பு. ‘இத்தகைய கொழுப்பு இயற்கையிலேயே இருக்கும்போது செயற்கையாக உருவாக்குவது எதற்கு?’ என்று நீ கேட்கலாம். உயிரியிலிருந்து பிரித்தெடுப்பது பல கொழுப்புகளின் கலவை. எது எந்த வேலையைச் செய்கிறது என்று அறுதியிட முடியாது. அதனால்தான் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தார் ஆர்க்கியாக் கொழுப்பு வாலில் லாக்டோஸையும் சல்பேட்டையும் இணைத்து, தடுப்பூசியின் திறனைக் கூட்டும் நுண்குமிழ்களை உருவாக்கினர். சல்பேட்டின் எதிர்மின்சுமை குமிழ்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி வைக்க உதவும்.

‘அப்படியானால் இறுக்கம் கூடக்கூட நல்லதுதானே?’ என்பது அடுத்த கேள்வி. அல்ல. சர்க்கரைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோக்கும்; நேரான நிறைவுற்ற வால்களும் சேர்ந்தால் மூலக்கூறுகள் படிகமாகி நீரில் அடியில் தங்கிவிடலாம். ஆர்க்கியா வால்களின் கிளைகள் அந்த நெருக்கத்தைத் தடுத்துச் சவ்வை இளக்கமாக வைக்கின்றன. ஆகவே நிலைத்தன்மை வேறு, விறைப்பு வேறு. நாளை நீ ஒரு புதிய மூலக்கூறை வரையும்போது, முதலில் தலைக்கேற்ற வாலைத் தேர்ந்தெடு. பிறகு பிணைப்பை உறுதியாக்கு. இளக்கத்துக்கும் இடம் விடு.

அன்புடன்,
சித்தப்பா