மந்தை இல்லாத மேய்ப்பு நாய்

மோட்டார் சைக்கிளைத் துரத்தும் நாயை உங்கள் தாமானில் பார்த்திருப்பீர்கள். “கெட்ட நாய்” என்று திட்டியும் இருப்பீர்கள். அப்படிப் பெயரெடுத்த ஒரு நாயைச் சென்ற ஆண்டு ஒன்பது வாரங்கள் என் வீட்டில் வைத்திருந்தேன். அது பார்டர் கோலி என்னும் மேய்ப்பு இனத்தைச் சேர்ந்தது. ஓடிய குழந்தையின் குதிகாலைக் கவ்வியதால் வீட்டார் அதைக் கைவிட்டனர். நிரந்தர வீடு கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளும்படி மீட்புக் குழுவினர் என்னிடம் ஒப்படைத்தனர். இதைத்தான் தற்காலிகப் பராமரிப்பு என்கிறோம். நான் அதற்கு மணி என்று பெயர் வைத்தேன்.

மணி ஏன் கவ்வியது?

இடையர்கள் செய்த தேர்வு

ஓநாயின் வேட்டை ஒரு வரிசையில் நடக்கும். இரையை உற்று நோக்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். இங்கிலாந்து – ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியின் இடையர்கள், நன்றாக உற்று நோக்கிப் பதுங்கித் துரத்தும், ஆனால் ஆட்டைக் காயப்படுத்தாத நாய்களையே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். இது செயற்கைத் தேர்வு. வரிசையின் முன்பகுதி வலுத்தது. பின்பகுதி தளர்ந்தது, ஆனால் முழுதாக அழியவில்லை. 1893இல் நார்தம்பர்லாந்தில் பிறந்த ‘ஓல்டு ஹெம்ப்’ என்ற நாய், அதிகம் குரைக்காமல் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியதாம். இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை.

ஆடு இல்லாத வீட்டில் இந்த நடத்தை மறைந்துவிடாது. ஓடும் குழந்தையும் மோட்டாரும் தூண்டல் ஆகின்றன. துரத்துவது அதற்கான துலங்கல். மோட்டார் எப்படியும் போய்விடும். நாய்க்கோ, துரத்தியதும் அது போய்விட்டது என்பதே பாடம். ஒவ்வொரு முறையும் பழக்கம் வலுப்படும்.

குறிப்பேடு சொன்னது

முதல் மூன்று நாள் மணி மேசைக்கடியில் கிடந்தது, சரியாகச் சாப்பிடவில்லை. பயத்தில் இருக்கும் நாயின் இயல்பை அப்போது எடைபோட முடியாது. அதனால் பயிற்சி எதுவும் தரவில்லை, தொந்தரவும் செய்யவில்லை.

நான்காம் நாள் குறிப்பேட்டைத் திறந்தேன். கயிற்றை நான் பிடித்துக்கொள்ள, என் அக்காள் மகன் தூரத்தில் நடந்தான். மணி படுத்தே இருந்தது. அதே பையன் அதே தூரத்தில் ஓடினான். உடனே தலையைத் தாழ்த்திப் பதுங்கியது. தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? பையனும் தூரமும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். வேகம் தற்சார்பு மாறி. மணியின் செயல் சார்பு மாறி. பல நாள் செய்தும் அதே முடிவுதான். மணிக்குக் குழந்தைகள்மேல் கோபமில்லை. வேகம்தான் அதை இழுத்தது.

காரணம் தெரிந்ததும் வழி தெரிந்தது. வெளிக்கதவின் அடிப்பகுதியைப் பலகையால் மறைத்தேன். மோட்டார் கண்ணில் படவில்லை. உணவைப் பழைய பெட்டிகளில் ஒளித்துவைத்து மோப்பம் பிடித்துத் தேடவிட்டேன். காலை 7 மணிக்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் நடத்திச் சென்றேன்; அடர்ந்த இரட்டை ரோமம் உள்ள நாய்க்கு நம் நாட்டு மதிய வெயில் ஆபத்து. தூரத்தில் மோட்டார் வரும்போது மணி என்னைத் திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டுக் கோழி இறைச்சி. பிள்ளைகளுக்கும் ஒரு பாடம்: நாய் பதுங்கினால் ஓடாதே, அசையாமல் நில். பெரியவர் இல்லாமல் இருவரையும் தனியே விட்டதில்லை. ஆறாம் வாரத்தில் மோட்டார் சத்தம் கேட்டதும் மணி என் முகத்தைப் பார்த்தது.

மருந்திலும் மரபு உண்டு

சில மேய்ப்பு இனங்களில் எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் நான்கு காரங்கள் விடுபட்டிருக்கும். சில மருந்துகளை மூளையிலிருந்து வெளியேற்றும் புரதம் அதனால் சரியாக உருவாகாது. ஒட்டுண்ணிகளுக்குத் தரும் ஐவர்மெக்டின் அதிக அளவில் சேர்ந்தால் அத்தகைய நாய்க்கு உயிரே போகலாம். பார்டர் கோலியில் இது குறைவு. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் இனங்களில் அதிகம். மீட்ட நாயின் தாய் தந்தை யாரென்று தெரியாது. ஆகவே கால்நடை மருத்துவரிடம் “இது மேய்ப்பு இனம்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எந்த வீடு?

முதலில் கேட்டவர்கள் அன்பானவர்கள். ஆனால் இரண்டு வயதுக் குழந்தை உண்டு; பெரியவர்கள் வீடு திரும்ப இரவு ஏழாகும். மறுத்தேன். அவர்கள் முகம் வாடியது எனக்கும் வருத்தம்தான். ஆனால் இன்னொரு முறை கவ்வினால் மணிக்கு மூன்றாவது வீடு கிடைக்காது.

அடுத்து வந்த குடும்பத்தில் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் படித்தார்கள்; தாத்தா பகலில் வீட்டில் இருந்தார்; அப்பா தினமும் மெதுவோட்டம் ஓடுபவர். கவ்விய கதையை மறைக்காமல் சொல்லி, குறிப்பேட்டையும் கொடுத்தேன். இரண்டு வாரம் சோதனையாக வைத்திருந்தார்கள். பிறகு நகராண்மைக் கழகத்தில் நாய் உரிமம் எடுத்தார்கள். மணி இப்போது தாத்தாவின் செருப்பைத் தேடிக் கொண்டுவரும் வேலை பார்க்கிறது.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுப் பூனை, கோழி அல்லது நாயைப் பத்து நிமிடம் கவனியுங்கள். நேரம், தூண்டல், துலங்கல் என மூன்று பத்திகளில் எழுதுங்கள். தெரியாத நாயின் அருகில் போகாதீர்கள்.

1. ஆட்டுக்கு உதவிய நடத்தை தாமானில் ஏன் சிக்கலானது?
2. நாயின் குறையை மறைத்துக் கொடுத்தால் யாருக்கெல்லாம் பாதிப்பு?